கேட்டால் சொல்லிவிடுவார்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரிடம் யாரும் "சுகமா?" என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். இடது முழங்கால் நேற்றைவிட இன்று எப்படி, பனிக்கு நெஞ்சு எத்தனை மணிக்கு அடைத்தது, எத்தனை மணிக்கு விட்டது, மகளிடமிருந்து போன் வந்து எத்தனை நாளாயிற்று, அதனால் மனசுக்கு என்ன என்று எல்லாம் வரிசையாக வரும். கேட்டவர் கொழுந்துக் கூடையோடு நின்று முழுவதையும் கேட்டாக வேண்டும். நடுவில் நழுவினால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். வம்பு பேசுகிறவர் இல்லை, புலம்புகிறவரும் இல்லை. ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்வது மரியாதை என்று நினைத்தார், அவ்வளவுதான்.

பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அங்கே அவர் கட்டிய தொட்டிலில் தூங்கியவர்கள்தான். ஆயம்மா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு வெகுநாள் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நாங்கள் கேட்கவில்லை.

ஒருமுறை தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். தோட்டத்து துரை அவர்களைப் பிள்ளைக்காம்பராவுக்கும் கூட்டி வந்தார். அதற்கு முதல் நாள்தான் முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வாசலில் நாலு பூச்சட்டி வைத்திருந்தார்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் துரை சிரித்துக்கொண்டே, எல்லாம் சரிதானே என்று கேட்டார். ஆயம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரியில்லைங்க தொரை, வாங்க காட்டுறேன்" என்று பின்பக்கம் கூட்டிப் போய்விட்டார். ஒழுகும் தகரம், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, கதவில்லாத கக்கூஸ். விருந்தாளிகளில் ஒருவர் போட்டோ எடுத்தார். அந்த வாரமே தகரம் மாறியது. துரை அதன்பிறகு அந்தப் பக்கம் வந்தால் குட்மோர்னிங் மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். குட்மோர்னிங்கில் கேள்வி இல்லையே.

பஸ்ஸிலும் அப்படித்தான். யாராவது டிக்கட் எடுக்கணுமா என்று கொண்டக்டர் பொதுவாகக் கேட்பார். எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். ஆயம்மா மட்டும், தான் எடுத்துவிட்டதாகவும், மூன்றாவது சீட்டில் தூங்குகிற மாதிரி இருப்பவர் இன்னும் எடுக்கவில்லை என்றும் சொல்வார். தூங்குகிறவர் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது போதகர்கள் கேள்வி கேட்பது வழக்கம். பதிலுக்காக இல்லை, மூச்சு வாங்குவதற்காக. எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர் தன் முதல் பிரசங்கத்திலேயே, நம்மில் யார் அயலாரை உண்மையாக நேசிக்கிறோம் என்று கையை விரித்துக் கேட்டுவிட்டார். மூன்றாம் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "நான் பாதிப் பேர நேசிக்கிறேங்க ஐயா." சபை சிரித்தது. போதகருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மீதிப் பாதி யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் வெளியே வந்திருக்கும், எனக்கும் பின்னால் இவ்வளவு வேர்த்திருக்காது.

அவர் கேள்வி கேட்கும் விதமும் வேறு. பிள்ளைக்காம்பராவில் பேசத் தெரியாத பிள்ளையிடம் பசிக்கிறதா என்று கேட்பார். கேட்டுவிட்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அது முகம் சுளிக்கும், கையைச் சூப்பும், இல்லை திரும்பிக்கொள்ளும். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பார். கேட்டுவிட்டு பதிலுக்கு இடம் விடாதவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்கு வந்துவிடுவார். ஆனால் கதவு திறக்கும்வரை வளவுக்குள் வரமாட்டார். ரோட்டின் அந்தப் பக்கம் கடை ஓரமாகக் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அட்டன் பக்கத்து மழை எப்படியென்று தெரியுமல்லவா, குடைக்கெல்லாம் அடங்காது. மற்றவர்கள் கோயில் வாசல் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு அவரைக் கூப்பிடுவார்கள். வரமாட்டார். கதவு திறந்து, விளக்கு எரிந்த பிறகுதான் ரோட்டைத் தாண்டுவார். அதையும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் கோயில் கடைவீதிக்கு மேலே இருக்கிறது. ஒரே கட்டடம், இரண்டு சபை. காலை ஏழரைக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்குச் சிங்கள ஆராதனை. பாட்டுப் புத்தகங்களுக்கு இரண்டு அலுமாரி. மேடையில் எங்கள் பெண்கள் வைக்கும் பூ அவர்கள் ஆராதனைக்கும் அப்படியே இருக்கும். ஆனால் ஒருவருக்கொருவர் வாசலில் தலையசைத்துக்கொள்வதோடு சரி. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் இரண்டு சபையும் சேர்ந்து கூடும். அன்றைக்கும் நாங்கள் வலது பக்கம், அவர்கள் இடது பக்கம். யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை, கால் தானாகவே போகும்.

கோயிலை ஒட்டியே ஒரு சிங்களக் குடும்பத்து வீடு. கோயில் சாவி இரண்டு தலைமுறையாக அந்த வீட்டு ஆணியில்தான் தொங்கியது. முன்பு தாத்தா திறந்தார், பிறகு மகன். மகன் தபால் கந்தோரில் வேலை செய்தவர், ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். மழையோ பனியோ ஞாயிறு ஏழு மணிக்குச் சாவியோடு வந்து எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டுப் போவார். அவருடைய மகள் தில்ருக்ஷி ஒன்பதரை ஆராதனைக்குக் கீபோர்ட் வாசித்தாள். ஏழரை ஆராதனைக்கு வாசித்தது நான்.

எங்கள் ஆட்களின் குரலுக்காக நான் சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொள்வேன். முடிந்ததும் பழையபடி ஏற்றிவைக்க மறந்துவிட்டுப் போய்விடுவேன். அடுத்த ஆராதனையில் அவர்கள் சபை பாட்டைத் தொண்டைக்குள்ளேயே பாட வேண்டியதாகியிருக்கிறது. ஒரு ஞாயிறு கீபோர்ட்டின் மேல் சிங்களத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது, பாவித்த பிறகு இருந்தபடி வைத்துவிட்டுப் போகவும் என்று. நான் அதன் கீழே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அடுத்த வாரமும் மறந்தேன். மூன்றாவது வாரம் வேண்டுமென்றே மறந்தேன். இப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவெடுத்தது பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில். நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் என்ன சீலை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டார். சபைதான் லேசில் விடவில்லை. எங்கள் மூப்பர் ஒருவர் பழைய ஏற்பாட்டைத் திறந்து, அந்நிய ஜாதியில் பெண் எடுத்தவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிய இடத்தைப் போதகரிடம் காட்டினார். அது வேறு தெய்வத்தைக் கும்பிட்டவர்களைப் பற்றியது, இந்தப் பெண் நாம் கும்பிடும் அதே ஆண்டவரை அதே மேடைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் கழித்துக் கும்பிடுகிறாள் என்று போதகர் சொன்னார். மோசே வேறு தேசத்துப் பெண்ணைக் கட்டியதைக் குறை சொன்ன அக்காவுக்குத்தான் குஷ்டம் வந்தது என்பதையும் ஞாபகப்படுத்தினார். மூப்பர் வீட்டுக்குப் போய் இன்னொரு வசனம் தேடிக்கொண்டு வந்தார். ஒன்பதரைக்காரர்களிடையே இதே வசனங்கள் சிங்களத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகத் தில்ருக்ஷி சொன்னாள்.

அவளுடைய அப்பா வசனம் எதுவும் பேசவில்லை. தனக்கு இனம் ஒரு பிரச்சினை இல்லை, தானும் கிறிஸ்தவன்தான் என்றார். ஆனால் அண்ணன் தம்பிமார் கிராமத்தில் பொருமிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குத் தான் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் ஒன்று மட்டும் சொல்லிவைத்தார். கோயிலில் ஓலை வாசிக்கும்போது ஒரே ஒருவர் எழுந்து எதிர்த்துப் பேசினாலும் மகளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார், அதோடு பேச்சு முடிந்தது.

ஓலை வாசிப்பதென்றால், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பது. வாசித்துவிட்டு, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு எங்கள் கோயிலில் யாரும் பதில் சொன்னதில்லை. போதகர்களும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் பயமே இருக்கவில்லை.

பயத்தை நானேதான் தேடிப்போய் வாங்கிக்கொண்டேன். முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, கல்யாணம் சொல்லப் பேக்கரிப் பணிஸ் பார்சலோடு லயத்து வரிசை வீடுகளில் ஆயம்மாவின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பெண் யார் என்று சொன்னேன், எந்த வீடு என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எழுந்து கிளம்பும்போது, தோட்டம் முழுக்க அறிந்திருந்த ஒரு விஷயத்தை மறந்து, வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ஒங்களுக்குச் சம்மதந்தானே ஆயம்மா?"

"இல்ல தம்பி."

நான் கையில் செருப்போடு நின்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் வெற்றுக் கோப்பையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஓலை வாசிக்கறப்ப ஐயாவும் கேப்பாருல்ல?"

"கேப்பாரு."

"அப்ப அவருகிட்டயும் சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பணிஸில் ஒன்றைப் பிய்த்து என்னிடமே நீட்டினார். நான் தின்னவில்லை. கீழே இறங்கி நேராகப் போதகரிடம் போனேன். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது, அது முறை என்றார். தடை என்றால் என்னென்ன என்று விரல் விட்டுச் சொன்னார்: முன்பே கல்யாணம் ஆகியிருப்பது, நெருங்கிய இரத்த உறவு, வயது போதாமை, கட்டாயம். இனம் அதில் இல்லவே இல்லை, ஆகவே ஆயம்மா என்ன சொன்னாலும் தன்னால் கல்யாணத்தை நிறுத்த முடியாது என்றார். அவருக்கு அது ஆறுதல். எனக்கு என்ன ஆறுதல்? நிறுத்தப்போவது போதகர் இல்லையே, தில்ருக்ஷியின் அப்பா அல்லவா.

முதல் ஞாயிறு ஆயம்மா மஸ்கெலியாவில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். செத்தவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அவ்வளவு கேவலமாகிவிட்டிருந்தேன்.

இரண்டாம் ஞாயிறு வந்திருந்தார். மூன்றாம் பெஞ்ச், ஓரம். போதகர் ஓலையை வாசித்தார், கேள்வியைக் கேட்டார். கடைசிச் சொல் அவர் வாயிலிருந்து விழுந்ததோ இல்லையோ, நான் கீபோர்ட்டில் பத்து விரலையும் வைத்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்திருந்தேன். சபை எழுந்து பாடியது. பாட்டுப் புத்தகத்தின் மேலாகப் பார்த்தேன். ஆயம்மா முன்பெஞ்சைப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னாலேயே எழுந்து நின்றிருந்தார். அவர் பாடவில்லை.

ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கேட்டுட்டு எடம் விடலையே தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு இன்றுவரை போகவில்லை. நடந்ததைத் தில்ருக்ஷியிடம் சொன்னேன். நீ செய்தது சரியில்லை என்றாள்.

மூன்றாம் ஞாயிறு இரண்டு சபையும் சேர்ந்து கூடும் ஞாயிறு. வலது பக்கம் நாங்கள், இடது பக்கம் அவர்கள். இடது பக்கம் முதல் பெஞ்சில் தில்ருக்ஷியின் அப்பா வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். சேர்ந்து கூடும் நாளில் கீபோர்ட் வாசிப்பது முறை வைத்து மாறும். அன்றைக்கு அவள் முறை. போதகர் ஓலையைத் தமிழில் வாசித்தார், சிங்களத்தில் வாசித்தார். கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்டார். நான் தில்ருக்ஷியைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆயம்மா எழுந்தார்.

"ஐயா கேட்டீங்க. எனக்கு ஒண்ணு தெரியுங்க" என்று தொடங்கினார். பெரிய குரல் இல்லை. சுகம் கேட்டவருக்கு முழங்காலைப் பற்றிச் சொல்வாரே, அதே குரல். "தமிழாளுங்கள அடிச்ச கலவரத்தப்ப எனக்குப் பதினாலு வயசு. லயத்துக்கு ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னதும் நாங்க பதினோரு பேரு இங்கதான் ஓடியாந்தோம். கோயில்ல வந்து யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. கோயில் பூட்டியிருந்துச்சு. சாவி பக்கத்து வீட்லன்னு எல்லாருக்கும் தெரியும். போய்க் கதவத் தட்டினோம். சாயந்தரம். உள்ள ரேடியோ பாடிக்கிட்டு இருந்துச்சு. நாங்க தட்டுனதும் ரேடியோவ நிப்பாட்டிட்டாங்க."

அந்த இடத்தை அவரே சிங்களத்தில் ஒருமுறை சொன்னார், இடது பக்கத்துக்கும் விளங்க வேண்டுமென்று. பிறகு தொடர்ந்தார்.

"ரொம்ப நேரம் தட்டினோம். யாரும் வரல. ரெண்டு நாளு தேயிலைக்குள்ள மழையில கெடந்தோம். என் தம்பிக்கு ரெண்டு வயசு. அதுலருந்து இருமிக்கிட்டே இருந்தான், அந்த மாசமே போயிட்டான். இத்தன வருசத்துல இத யாரும் எங்கிட்ட கேக்கல. இப்ப அந்த வீட்டுப் பொண்ணுக்கும் நான் வளத்த பையனுக்கும் ஓலை வாசிச்சுக் கேக்குறீங்க. அதான் சொல்றேன்."

சொல்லிவிட்டு உட்காரவில்லை. பதிலுக்கு நின்றார்.

எங்கள் பக்கத்து மூப்பர், இரண்டு வாரமாக வசனம் தேடிக்கொண்டிருந்தவர், தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்ததென்று. அதைவிட, ரோட்டின் அந்தப் பக்கம் குடையோடு அவர் நிற்பது ஞாபகம் வந்து, என் கல்யாணம் முடிந்துபோனால்தான் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதுவும் உண்மை.

தில்ருக்ஷியின் அப்பா எழுந்தார். மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவர் மகள் பக்கம் போகவில்லை. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வலது பக்கமாகத் திரும்பினார். சிங்களத்தில் பேசினார். தனக்கு அப்போது பதினேழு வயது என்றார். அப்பா நிறுத்தச் சொன்னார் என்றார்.

"ரேடியோவை நிறுத்தியது நான்தான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்கு எங்களுக்குக் கதவு திறந்த மனிதர். ஆயம்மாவும் நின்றுகொண்டே இருந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த பாதையில் ஒருவரும் இல்லை.

போதகர் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். அவருக்குத் தெரியாததா? கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கடைசியில், தடைகள் என்று முறையில் சொல்லியிருப்பவற்றில் இது இல்லை என்று மெல்லச் சொன்னார்.

"இல்லன்னு எனக்கும் தெரியுங்க ஐயா" என்றார் ஆயம்மா. "சம்மதமான்னு அந்தத் தம்பி கேட்டுச்சு, இல்லன்னேன். இப்பவும் இல்ல. தடை இருக்கான்னு நீங்க கேட்டீங்க. தெரிஞ்சதச் சொல்லிட்டேன். தடைன்னு நான் சொல்லல."

உட்கார்ந்தார். அதன்பிறகுதான் தில்ருக்ஷி கையை எடுத்துக் கீபோர்ட்டில் வைத்தாள். முதல் வரி தப்பாக வந்தது. இரண்டாம் வரியில் சரியானது.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது தில்ருக்ஷியின் அப்பா ஆயம்மாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மகளைக் கூட்டிப்போவதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து கோயில் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆயம்மா அதைப் பார்த்தார். அவர் அழுவார், அல்லது வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று சுற்றி நின்றவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் சிங்களத்தில், இது உங்களிடமே இருக்கட்டும், எனக்கு இதேபோல ஒன்று வெட்டித் தாருங்கள் என்றார். திங்கட்கிழமை தில்ருக்ஷியின் அப்பா அரைநாள் லீவு போட்டு அட்டனுக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்து லயத்தில் கொடுத்தார். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தாராம். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

அடுத்த ஞாயிறு முதல் ஆயம்மா ரோட்டின் அந்தப் பக்கம் நிற்கவில்லை. ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து தன் சாவியால் திறந்து, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தில்ருக்ஷியின் அப்பா தன் சாவியோடு வந்து, திறந்திருக்கும் கதவைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார். ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை.

எங்கள் கல்யாணத்துக்கு ஆயம்மா வந்தார். காஸ் இல்லாததால் விறகடுப்பில் வைத்த சோறு லேசாகப் புகை நாறியது. எப்படி இருக்கிறது என்று என் சித்தப்பா கேட்டுவிட்டு, அதற்கு உரிய பதிலைப் பெற்றுக்கொண்டார். ஆராதனையில், தாலி கட்டுவதற்கு முன் போதகர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்க வேண்டும். கேட்டார். இரண்டு பக்கத்துப் பெஞ்சுகளும் ஒன்றாகத் திரும்பி ஆயம்மாவைப் பார்த்தன. அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றார். போதகர் மூச்சை விட்டது மைக்கில் கேட்டது.

சம்மதம் பிறகாவது வந்ததா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. இரண்டாம் தரம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எங்கள் மகள் பிறந்து நாற்பதாம் நாள், கேட்காமலே வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனார். தில்ருக்ஷியிடம் அவர் தமிழில் பேசுவார், அவள் சிங்களத்தில் பதில் சொல்வாள், இல்லையென்றால் மாற்றி. பெரும்பாலும் பிள்ளையின் சளி பற்றித்தான். பிள்ளை இருமினால் மட்டும் ஆயம்மா எந்த மொழியிலும் பேசமாட்டார். தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வேலையிலிருந்து நின்ற பிறகு, வத்தளையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். போன வருடம் அங்கேதான் இறந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது, புறப்பட்ட அன்று காலை பஸ் நிறுத்தத்தில். நாங்கள் மூன்று பேரும் வழியனுப்பப் போயிருந்தோம். கைலேஞ்சியில் சுற்றியிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"மறுபடி அப்படி ஒரு நாளு வந்துச்சுன்னா, யாரு தட்டினாலும் தொறப்பியா தம்பி?"

"தொறப்பேன் ஆயம்மா."

"வெரசா சொல்லிட்ட. அவங்க ஆளுங்க ஓடியாந்து தட்டி, நம்ம ஆளுங்க வெரட்டிக்கிட்டு வந்தாலும்?"

தில்ருக்ஷி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எங்கள் லயத்து ஆட்கள் ஒவ்வொருவர் முகமாக வந்து போனது. எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள், என் கல்யாணத்துக்கு விறகு பிளந்தவர்கள். அவர்கள் பொல்லும் தடியுமாக ரோட்டில் நிற்க, அவர்களுக்கு முன்னால் நான் ஒரு கதவைத் திறக்க வேண்டும்.

"நான் ஒப்புக்குக் கேக்கல" என்றார் ஆயம்மா.

கொழும்பு பஸ் வந்துவிட்டது. பைகளை ஏற்றினேன். அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கேட்ட கேள்வியை மறக்காத முகம், அவசரப்படுத்தவும் இல்லை. பஸ் நகரத் தொடங்கும்போது ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, தொறப்பேன் என்றேன். பிள்ளைக்காம்பராவில் பேசத் தெரியாத பிள்ளைகளைப் பார்ப்பது போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

சாவி இப்போது எங்கள் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வீட்டில் ரேடியோ இல்லை, டீவி இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் நான் அதை நிறுத்துவதில்லை. சத்தத்தைக்கூடக் குறைப்பதில்லை. ஓடவிட்டுவிட்டுத்தான் எழுந்து போய்த் திறக்கிறேன்.